47-ஆம் வழுவுக்கு நான் எழுதிய பதில் யாருக்கும் போய்ச் சேரவில்லை

நான் பல ஆண்டுகளாகப் பராமரித்துவரும் ஒரு சிறிய நிரல் நூலகத்தை, பெரிய வணிகத் தளம் ஒன்றிலிருந்து நானே நடத்தும், ஃபோர்ஜேயோ என்ற நிரல் தள மென்பொருள் இயங்கும் சர்வருக்குச் சென்ற ஆண்டு மாற்றினேன். ஒரு கமிட் (பதிவுசெய்த மாற்றம்) கூடக் குறையாமல் நிரலின் வரலாறு முழுவதும் சில நிமிடங்களில் வந்துவிட்டது. பழைய வழு அறிக்கைகளும் அவற்றின் கீழிருந்த கருத்துகளும்கூட எண் மாறாமல் வந்தன. சில நாள் கழித்து, நெடுங்காலமாகத் திறந்தே கிடந்த 47-ஆம் வழுவை, அதாவது லீப் ஆண்டில் தேதி ஒரு நாள் தள்ளிப்போகும் பிழையை, சரிசெய்துவிட்டு, அதைத் தெரிவித்த நண்பரிடம் சோதித்துப் பார்க்கும்படி அங்கேயே எழுதினேன். மூன்று வாரம் ஆகியும் பதில் இல்லை. பிறகுதான் கவனித்தேன்: அவர் பெயர் அந்தப் பக்கத்தில் வெறும் எழுத்தாகவே நின்றது, அதன் பின்னால் கணக்கு எதுவும் இல்லை. என் பதில் யாருக்கும் போகவில்லை.

நிரலைப் பொறுத்தவரை நாம் 2005-லேயே விடுதலை பெற்றுவிட்டோம். லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த ஆண்டு உருவாக்கிய, நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் மென்பொருளான கிட், ஒவ்வொரு பிரதியிலும் முழு வரலாற்றையும் வைத்திருக்கிறது. எந்த சர்வரையும் அது தலைமையிடமாகக் கருதுவதில்லை. ஒருவர் தம் சர்வரில் வைத்திருக்கும் கிளையை (நிரலின் தனி மாற்றத் தொடரை) இன்னொருவர் இழுத்துக்கொள்ளும்படி கேட்பதற்கான கட்டளை கிட்டிலேயே உண்டு. இருவரும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதற்கு இல்லை. அந்த நிபந்தனை பின்னால் வந்தது. வழு அறிக்கை, மதிப்பாய்வு, எந்த முடிவை ஏன் எடுத்தோம் என்ற விவாதம் ஆகிய அனைத்தும் கிட்டுக்கு வெளியே, தளங்களின் தரவுத்தளங்களுக்குள் சேர்ந்துகொண்டே போயின. ஒரு வரி நிரல் ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கான விடை பெரும்பாலும் அந்த விவாதத்தில்தான் இருக்கும் என்பது, பிறர் எழுதிய நிரலைத் திருத்திய எவருக்கும் தெரியும்.

அந்தத் தரவுத்தளங்கள் நிலையானவையும் அல்ல. கிட்டோரியஸ் என்ற நிரல் தளம் 2015-இல் மூடப்பட்டது, கூகுள் கோட் 2016-இல் மூடப்பட்டது. அதே வகைத் தளமான கிட்ஹப்பை 2018-இல் மைக்ரோசாஃப்ட் 750 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்த ஆண்டே அமெரிக்கத் தடைச் சட்டங்களின் காரணமாக ஈரான், சிரியா, கிரிமியா ஆகிய இடங்களிலிருந்த நிரலாளர்கள் அத்தளத்தின் சில சேவைகளை இழந்தார்கள். அவர்கள் எழுதிய நிரலில் எந்தக் குற்றமும் இருக்கவில்லை.

ஆகவே தனித்தனி சர்வர்களை நடத்துவது மட்டும் போதாது, அவை ஒன்றோடொன்று பேச வேண்டும் என்று உறுதியாகக் கருதுகிறேன். அதற்கான அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளம் பயன்படுத்தும், சர்வர்களை ஒன்றோடொன்று பேசவைக்கும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறை 2018 ஜனவரியில் இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி-யின் பரிந்துரையாக வெளிவந்தது. ஃபோர்ஜ்ஃபெட் என்ற நெறிமுறை அதை நிரல் தளங்களுக்கு ஏற்றபடி விரிவாக்குகிறது. அதில் பயனர் மட்டுமல்லாமல் ஒரு ரெப்போவும் (நிரல் களஞ்சியமும்) தனக்கென ஓர் அஞ்சல் பெட்டியைக் கொண்டிருக்கும். வேறொரு சர்வரில் கணக்கு வைத்திருப்பவர் அங்கிருந்தே என் ரெப்போவுக்கு வழு அறிக்கையை அனுப்பலாம். என் சர்வர் அவருடைய சர்வரின் மின்கையொப்பத்தைச் சரிபார்த்து ஏற்றுக்கொள்ளும். நான் எழுதும் பதில் அவருடைய வீட்டுக்கே திரும்பிப் போகும்.

மாஸ்டடானில் நடப்பதைவிட இது கடினமான வேலை என்பதை மறுக்கவில்லை. ஒரு பதிவை விரும்புவதாகச் சொல்லத் தனி அனுமதி தேவையில்லை. இன்னொருவர் ரெப்போவில் ஒரு கிளையை இணைக்கத் தேவை. யாருக்கு, எந்த ரெப்போவில், எந்த அளவு அதிகாரம் என்பதைத் தனி ஆவணமாக வழங்கவும் திரும்பப் பெறவும் ஃபோர்ஜ்ஃபெட் வழி வகுத்திருக்கிறது. குப்பைச் செய்திகள் வேறு வரும். சிறு சர்வரைத் தனியாளாக நடத்துபவருக்கு அது உண்மையான சுமை. ஃபோர்ஜேயோவில் கூட்டிணைப்பு, அதாவது சர்வர்கள் ஒன்றோடொன்று பேசும் வசதி, ஒரு ரெப்போவைப் பிடித்ததாகக் குறிக்கும் நட்சத்திரமிடுவதிலிருந்து தொடங்கியதற்கு, அது எளிய சோதனை என்பதே காரணமாக இருக்கலாம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் அடுத்து வர வேண்டியது வழு அறிக்கையும் அதன் கீழான கருத்துகளும்தான் என்பேன். நிரல் மாற்றத்தைச் சேர்க்கும்படி கேட்கும் இணைப்புக் கோரிக்கை அதற்குப் பின் வந்தால் போதும், ஏனெனில் நிரலை அனுப்ப நமக்கு ஏற்கெனவே மின்னஞ்சல் இருக்கிறது.

அந்த நண்பரின் முகவரியைத் தேடிப்பிடித்து நேரடியாக எழுதினேன். மறுநாளே பதில் வந்தது. திருத்தம் சரியாக இருப்பதாகச் சொல்லி, நூற்றாண்டு ஆண்டுகளுக்கான இன்னொரு சோதனையையும் பேட்ச் (திருத்தக்) கோப்பாக இணைத்திருந்தார். ஏற்கெனவே ஆறு தளங்களில் கணக்கு இருப்பதால் ஏழாவது ஒன்றைத் திறக்க மனமில்லை என்றும் எழுதியிருந்தார். அந்த பேட்சை அவர் பெயரிலேயே ரெப்போவில் சேர்த்தேன். நாங்கள் அதைப் பற்றிப் பேசிய நான்கு மடல்கள் மட்டும் எங்கள் இருவரின் அஞ்சல் பெட்டிகளில் இருக்கின்றன. 47-ஆம் பக்கத்தில் இன்னமும் என் பதில்தான் கடைசி வரி.