பிள்ளைகள் இல்லாத பள்ளிக்கூடத்தில் ரீச்சருக்கு என்ன வேலை?

தென்கொரியாவில் நான் ஆங்கிலம் கற்பிக்கும் அரசுப் பள்ளிக்குள் காலை எட்டரைக்கு வந்தேன். இப்போது மணி பதினொன்று. இந்த இரண்டரை மணி நேரத்தில் நான் கண்ட ஒரே மனிதர் வாசலில் காவலுக்கு இருக்கும் ஐயாதான். நாலு மாடிக் கட்டடத்தில் ஒரு பிள்ளை இல்லை. ஓர் ஆசிரியர் இல்லை. சமையற்கூடம் பூட்டு, நூலகம் பூட்டு. வெளியே 35 டிகிரி. ஆங்கில வகுப்பறையில் ஏசி ஓடவில்லை. சட்டை முதுகோடு ஒட்ட, கடைசி மேசையில் நான் மட்டும் உட்கார்ந்திருக்கிறேன். நாலரை வரைக்கும் இப்படியே இருக்க வேண்டும். நாளைக்கும் இருக்க வேண்டும். நாளை மறுநாளும்.

கொஞ்சம் முன்புதான் கனடாவின் ஸ்காபரோவில் இருந்து அம்மா அழைத்தார். அங்கே இரவு பத்து மணி, படுக்கப் போகிற நேரம். "லீவு விட்டாச்சுதே பிள்ளை, ஏன் இன்னும் பள்ளிக்கூடத்திலை நிக்கிறாய்?" என்று கேட்டார். வேலை நேரம் அம்மா என்றேன். "பிள்ளையள் இல்லாத பள்ளிக்கூடத்திலை ரீச்சருக்கு என்ன வேலை?" என்றார். என்னிடம் பதில் இல்லை. மூன்று கோடையாக இதே கேள்வியைத்தான் நானும் இங்கே உள்ளவர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர்களிடமும் இல்லை.

வெளிநாட்டில் இருந்து வந்து கொரிய அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கிறவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். எங்களுக்குள் இதை 'டெஸ்க் வார்மிங்' என்போம். பாடம் கிடையாது, கூட்டம் கிடையாது, ஆள் மட்டும் நாற்காலியில் இருக்க வேண்டும். ஜூலை பின்பாதியில் பள்ளி மூடினால் ஆகஸ்ட் பின்பாதியில்தான் திறக்கும். அதில் என் விடுப்பு நாட்களையும் ஒரு வார ஆங்கில முகாமையும் கழித்துவிட்டு மிஞ்சுகிற ஒவ்வொரு வேலைநாளும் இந்த மேசைக்குத்தான். குளிர்கால விடுமுறை இதைவிட நீளம். ஆனால் குளிருக்கு இரண்டு சட்டை கூடப் போடலாம். இந்த வெக்கைக்கு எதைக் கழற்றுவது?

நான் இருப்பது தேகு நகரத்தில். வடக்கே பால்கொங்சான் மலை, தெற்கே பிசுல்சான் மலை, நடுவே சூடு தேங்கி நிற்கும் ஒரு பள்ளம், அதுதான் இந்த ஊர். 1942 ஆகஸ்ட் 1ஆம் தேதி இங்கே 40 டிகிரி பதிவானது. 2018இல் ஹொங்சொன் என்ற ஊர் 41 டிகிரியைத் தொடும்வரை நாட்டின் உச்சம் அதுதான். தேகுவையும் ஆப்பிரிக்காவையும் ஒட்டி 'தேப்ரிகா' என்று கொரியர்களே இந்த ஊருக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஜூன் கடைசியில் ஜாங்மா என்கிற மழைக்காலம் தொடங்கும். ஒரு மாதம் உடுப்பு காயாது, சுவர் மூலையெல்லாம் பூஞ்சணம் பிடிக்கும். அது ஓய்ந்ததும் வெயில் இறங்கும், கூடவே மேமிகள், அதாவது சில்வண்டுகள், விடியற்காலை ஐந்து மணிக்கே கத்தத் தொடங்கும். சின்ன வயதில் யாழ்ப்பாணத்து வெயிலில் ஓடித் திரிந்தவள் நான். அங்கே முற்றத்தில் ஒரு வேப்பமரம் இருந்தது, பின்னேரம் காற்று வரும். இங்கே கொங்கிரீட் சுவர் இரவு முழுக்கச் சூடு கக்கும்.

சரி, ஏசியைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். சுவரில் பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் வேலை செய்யாது. எல்லாம் கீழ்மாடி நிர்வாக அலுவலகத்தில் இருந்து கட்டுப்படுத்துகிறார்கள். பள்ளிகளுக்கான மின்கட்டணத்தில் அடிப்படைத் தொகை, வருடத்தில் மின்சாரம் எப்போது அதிகமாகச் செலவானதோ அந்த உச்சத்தை வைத்துத்தான் கணக்காகிறது. அதனால் கோடையில் ஒவ்வோர் அறையாக எண்ணி எண்ணித்தான் திறந்துவிடுவார்கள். அந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது. புரியாதது இன்னொன்று: ஓர் ஆளுக்காக ஓர் அறையைக் குளிர்விப்பது வீண்செலவு என்று தெரிகிற அலுவலகத்துக்கு, அந்த ஓர் ஆளை அங்கே உட்கார வைப்பதே வீண் என்பது ஏன் தெரியவில்லை? போன வருடம் கீழே போய்க் கேட்டேன். அவர்கள் இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு குளிரில் இருந்தார்கள். எனக்கு ஒரு மேசை மின்விசிறியை எடுத்துத் தந்தார்கள். அது இப்போது என் முகத்துக்கு நேரே சுடுகாற்றை ஊதிக்கொண்டிருக்கிறது.

இதுவரைக்கும் சொன்னது உடம்புக்கு. மனதைக் கொதிக்க வைப்பது வேறு.

கொரிய ஆசிரியர்கள் எங்கே? வீட்டில். சிலர் ஜேஜு தீவில். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. வருடம் முழுக்க அவர்கள் படும் பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன், அந்த ஓய்வு அவர்களுக்கு வேண்டும். அவர்களுக்குச் சட்டமும் இடம் தருகிறது. கல்விப் பொது ஊழியர் சட்டத்தின் 41ஆவது பிரிவின்படி, பாடத்துக்குக் குறை வராத நாட்களில், தலைமையின் ஒப்புதலோடு, ஆசிரியர் பள்ளிக்கு வெளியே வேறோர் இடத்தில் பயிற்சியில் ஈடுபடலாம். அந்த இடம் வீடாகவும் இருக்கலாம். விடுமுறைக்கு முன் எல்லோரும் கணினியில் அந்தப் படிவத்தை நிரப்புவார்கள். '41 பயிற்சி' என்றே அதற்குப் பெயர். என்னோடு சேர்ந்து பாடம் எடுக்கும் கூட்டு ஆசிரியையும் நிரப்பினார். எனக்குப் படிவம் கிடையாது. ஏனென்றால் சட்டத்தின் கண்ணில் நான் ஆசிரியர் இல்லையாம், ஒப்பந்தத் தொழிலாளியாம்.

இந்தச் சொல் மாற்றத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பெற்றோர் பாடம் பார்க்க வருகிற நாளில் நான் 'வொனோமின் சொன்செங்னிம்', தாய்மொழியாகவே ஆங்கிலம் பேசுகிற ஆசிரியர். பள்ளி விளம்பரப் படத்தில் முன்வரிசையில் நிற்க வைப்பார்கள். வாரத்துக்கு 22 பாடவேளை வரை என்னிடம் வாங்கிக்கொள்வார்கள். கூட்டு ஆசிரியைக்குச் சுகமில்லாத நாளில், ஒப்பந்தப்படி நான் வகுப்பில் 'துணை' மட்டும்தான் என்பதை மறந்து, 26 பிள்ளைகளோடு தனியே விடுவார்கள். அப்போதெல்லாம் ஆசிரியர். விடுமுறை மணி அடித்த நிமிடத்தில் தொழிலாளி. பள்ளி மூடும் நாளில் எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு என் மேசைப் பக்கம் வந்து, "பாங்ஹக் ஜால் பொனேசெயோ" என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள். விடுமுறையை நல்லபடி கழியுங்கள் என்று அர்த்தம். மறுநாள் நான் எங்கே இருப்பேன் என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

வீட்டில் இருந்து வேலை செய்ய முடியாது என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். 2020 ஏப்ரலில் இந்த நாடு தன் பள்ளி ஆண்டையே இணையவழியில் தொடங்கிக் காட்டியது. நாடு முழுக்கப் பிள்ளைகள் வீட்டில் இருந்தபடியே படித்தார்கள். ஆனால் அடுத்த பருவத்துக்கான என் பாடத்திட்டத்தை என் ஒற்றை அறையில் இருந்து எழுத முடியாதாம்!

சரி, வேலை இல்லாத நேரத்தில் வேறு ஏதாவது உருப்படியாகச் செய்யலாமா என்றால் அதற்கும் வழி இல்லை. என்னைப் போன்ற வெளிநாட்டு மொழி ஆசிரியர்களுக்குத் தரும் ஈ-2 விசாவில் இருப்பவர் தன் பள்ளிக்கு வெளியே அனுமதி இல்லாமல் கற்பிக்கக் கூடாது, தனிப்பட்ட ரியூஷன் குற்றம். பிடிபட்டால் தண்டப்பணம், நாடு கடத்தலும் நடக்கலாம். அந்த விசாவைத் தருவதே பொதுவாக ஏழு நாட்டுக் கடவுச்சீட்டுகளுக்குத்தான்: அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாபிரிக்கா. கொழும்பில் பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் படிப்பித்த என் மச்சாளுக்கு அந்தக் கதவு திறக்காது. ஒன்பது வயதில் கனடாவுக்குப் போன எனக்குத் திறந்தது. அதுவும் பட்டச் சான்றிதழ், கைரேகை கொடுத்து எடுத்த பொலிஸ் அறிக்கை, மருத்துவப் பரிசோதனை எல்லாம் முடித்த பிறகு. விமானச் செலவும் தந்து, தங்க அறையும் தந்து, இத்தனை சல்லடை போட்டுத் தேடிக் கூட்டிக்கொண்டு வந்த ஆளை வெறும் கட்டடத்துக்குக் காவல் வைப்பதற்கா?

அந்த அறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீடுகளுக்கான மின்கட்டணம் மூன்று படி. ஜூலை, ஆகஸ்டில் 300 யூனிட்டைத் தாண்டினால் ஒரு விலை, 450ஐத் தாண்டினால் இன்னொரு விலை. அந்தப் பயத்தில் வீட்டிலும் ஏசியை நிறுத்தி நிறுத்திப் போடுகிறேன். பகலில் இங்கே வேகிறேன், இரவில் அங்கே கணக்குப் பார்க்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நெஞ்சு ஆறாது. போன வாரம் முகாம் நடந்தது. ஐந்து நாள், காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, பதினான்கு பிள்ளைகள். பாடப்புத்தகம் இல்லை, பரீட்சை இல்லை. கடை போட்டோம், நாடகம் போட்டோம், பனிக்கட்டி சீவி ஆளுக்கொரு பிங்சு செய்து அதன் செய்முறையை ஆங்கிலத்தில் எழுதினோம். வருடம் முழுக்க வாயே திறக்காத ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன், வியாழக்கிழமை என்னோடு விலை பேசி மாங்காய் வாங்கினான். "ரூ எக்ஸ்பென்சிவ், டீச்சர்!" என்று கத்தினான். எனக்குக் கண் கலங்கியது. இதற்காகத்தானே இத்தனை தூரம் வந்தேன். ஐந்து நாளோடு மூடிவிட்டார்கள். இன்னொரு வாரம் நடத்துகிறேன், எனக்கு மேலதிகக் காசு வேண்டாம், நான் எப்படியும் இங்கே இருக்கத்தான் போகிறேன் என்று கேட்டேன். நிதி ஒதுக்கீடு முடிந்துவிட்டது, வழமை இல்லை என்றார்கள். நானும் இருக்கிறேன், அறையும் இருக்கிறது. பிள்ளைகளைத்தான் வர விடமாட்டார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்கும் லீவு ஒன்றும் இல்லை. அவர்கள் ஹக்வொனில், அதாவது தனியார் ரியூஷன் நிலையத்தில், இருக்கிறார்கள். பள்ளி மூடினால் தனியார் வகுப்புகளுக்குத் திருவிழா, காலையில் இருந்தே 'தக்காங்' என்று விசேட வகுப்புகள். மாங்காய் வாங்கிய அதே பையனை முந்தாநாள் இரவு ஒன்பதே முக்காலுக்கு என் தெரு முனைக் கடையில் கண்டேன். முதுகில் பை, கையில் சுடுநீர் ஊற்றிய கப் நூடில்ஸ். பதினொரு வயது. கணக்கு வகுப்பு முடிந்து ஆங்கில வகுப்பும் முடிந்து வருகிறானாம். பெற்றோர் பணம் கட்டி, ராத்திரி வரைக்கும், அவன் ஆங்கிலம் படிக்கிறான். அதே நாள் முழுக்க அவனுடைய பள்ளியில், அவன் பெற்றோரின் வரிப்பணத்தில், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதை நினைத்தால் எனக்கு நித்திரை வருவதில்லை.

விடுப்பு நாட்களும் என் கையில் இல்லை. பள்ளி மூடியிருக்கும் வாரங்களில்தான் எடுக்க வேண்டும். முகாம் எந்த வாரம் என்று முடிவானால்தான் விடுப்பு எந்த வாரம் என்று தெரியும். முகாம் தேதியை ஜூலையில் சொல்கிறார்கள். அதற்குள் ரொறன்ரோவுக்கு விமான விலை எங்கேயோ போய்விடும். போன வருடம் தங்கச்சியின் கல்யாணம் ஆகஸ்ட் முதல் வாரம். ஏப்ரலில் இருந்து கேட்டேன், "கொஞ்சம் பொறுங்கள்" என்றார்கள். பொறுத்தேன். கடைசியில் முகாம் அதே வாரத்தில் விழுந்தது. தாலி கட்டுவதைக் கைப்பேசித் திரையில் பார்த்தேன். அதற்கு அடுத்த வாரம் முழுக்க இதே நாற்காலியில், இதே வெக்கையில், செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் இருந்தேன்.

இந்த வருடம் வாயால் கேட்கவில்லை, எழுதிக் கொடுத்தேன். கொரிய மொழியில், ஒரு தோழியிடம் காட்டித் திருத்தி, மரியாதை விகுதிகளை எல்லாம் சரிபார்த்து, இரண்டு பக்கம். முகாமை இரண்டு வாரமாக்குங்கள். அது முடியாவிட்டால் பாடத்திட்டத்தை வீட்டில் எழுத விடுங்கள், தினமும் அனுப்புகிறேன். அதுவும் முடியாவிட்டால் இந்த ஓர் அறைக்கு ஏசியையாவது திறந்துவிடுங்கள். பிரதி அதிபர் முழுவதும் வாசித்தார். நல்ல மனிதர்தான், முகத்தில் சங்கடம் தெரிந்தது. "உங்கள் நிலைமை புரிகிறது, ஆனால் அப்படி ஒரு விதி இல்லை" என்றார்.

விதி இல்லையென்றால் எழுதுங்கள் ஐயா. 41ஆவது பிரிவையும் யாரோ உட்கார்ந்துதானே எழுதினார்கள். எங்களையும் அதில் சேர்க்க ஒரு வரி போதும். அந்த ஒரு வரி வரும்வரை ஒவ்வொரு கோடையும் இந்த இரண்டு பக்கத்தை அவர் மேசையில் வைக்கத்தான் போகிறேன். நாளைக் காலையும் எட்டரைக்கு வருவேன். இன்னும் ஆறு நாள் இருக்கிறது.