மெட்டும் அழுதாக வேண்டுமா?
கொண்டாட்டச் சூழலில் துயரத்தைச் சொல்லும் பாட்டு என்றால் அதன் மெட்டும் மந்தமாக இருந்தாக வேண்டும் என்கிறார், நான் படித்த ஒரு கட்டுரையை எழுதியவர். ஏற்க முடியவில்லை. 1987இல் வெளிவந்த 'ஃபேரிடேல் ஆஃப் நியூயார்க்' என்ற ஆங்கிலப் பாட்டைக் கேட்டுப் பாருங்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, குடித்துவிட்டுப் பிடிபட்டவர்களை அடைத்துவைக்கும் அறை, மெதுவாக நகரும் பியானோ என்றுதான் தொடங்குகிறது. ஆனால் அதைச் சேர்ந்து பாடும் ஷேன் மெக்கோவனும் பாடகி கிர்ஸ்டி மெக்கோலும் ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி ஏசும் இடத்தில், அக்கார்டியனும் டின் விசில் என்ற சிறு குழலும் துள்ளாட்டம் போடுகின்றன. உன்னால்தான் என் கனவு போயிற்று என்று அந்தப் பெண் பழி போடுவதை நாம் தாளம் தட்டிக்கொண்டே கேட்கிறோம். அதனால்தான் கூடுதலாகச் சுடுகிறது. பல்லவியின் வரிகளில் பாடுவதாக வரும் நியூயார்க் போலீஸ் பாடகர் குழுகூட நிஜத்தில் கிடையாது (வீடியோவில் போலீஸின் பேக்பைப் வாத்தியக் குழுவை வைத்துச் சமாளித்தார்கள்). வாக்குறுதி பொய்த்துப்போன கதைக்கு இதைவிடப் பொருத்தமான கோரஸ் வேண்டுமா? அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர், பண்டிகை நாளில் அழுகைப் பாட்டு எதற்கு என்று கேட்டிருக்கிறார். அப்பா இறந்த ஆண்டு, பண்டிகையன்று வானொலியில் வரிசைகட்டி வந்த உற்சாகப் பாட்டுகள்தான் எனக்குப் பொறுக்கவில்லை. அவற்றை நிறுத்திவிட்டு இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன்.