சந்தா இல்லாத வீரன்

(செங்கோட்டைக்கும் புளியரைக்கும் நடுவுல ஒரு டீக்கடை பெஞ்சு.)

முருகன்: ராத்திரியானா அவனுக்கு வீட்ல இருப்பே கொள்ளாது அண்ணாச்சி. முகமூடிய மாட்டிக்கிட்டு தெருத்தெருவா சுத்துவான்.

அண்ணாச்சி: நம்ம நகர் சங்கச் செயலாளர்தான? அது முகமூடி இல்லடே, மங்கி குல்லா.

முருகன்: ஐய, இது காமிக்ஸ். அமெரிக்காவுல ஏதோ புறநகரு. ஆளு முன்னால திருடன், இப்ப அவனே தட்டிக் கேக்கான்.

அண்ணாச்சி: அப்ப செயலாளரேதான். சந்தா எவ்வளவு வாங்குதான்?

முருகன்: சந்தாவெல்லாம் கிடையாது.

அண்ணாச்சி: சந்தா வாங்காம என்னத்தடே காவல் காக்கான்? எங்கிட்ட கேமராவுக்குன்னு ஆயிரம் ரூவா வாங்குனாரு. அது அவரு வீட்டு முருங்கைமரத்தையே பாத்துக்கிட்டு நிக்கு. இதுவரை ஒரு காய் களவு போகல, அத ஒத்துக்கிடணும்.

முருகன்: நம்ம இரும்புக்கை மாயாவி மாதிரின்னு வச்சுக்கோங்க. 1972ல முத்து காமிக்ஸோட முதல் புஸ்தகமே அவருதான். அவரும் ஆரம்பத்துல களவாண்டவருதான், பெறவுதான் நிழல் படைங்கிற உளவுக் கூட்டத்துல சேந்தாரு. கரண்டைத் தொட்டா உடம்பு மறைஞ்சிரும், கை மட்டும் தெரியும்.

அண்ணாச்சி: எங்க தெருவுல அவரு மறையணும்னா கரண்டு வாற வரைக்கும் உக்காந்திருக்கணும். அதுக்குள்ள சந்தா கேட்டு ஆள் வந்திரும்.

முருகன்: சந்தாவ விடுங்க. இவன் ராத்திரி, வேலியோரம் ஒண்ணுக்கு இருந்தவன ஓட ஓட விரட்டுதான்...

அண்ணாச்சி: அது என் மச்சினன்லா! சுகர்க்காரன்டே அவன். மூஞ்சில டார்ச்ச அடிச்சு, எந்த ஊருன்னு கேட்டாராம்.

முருகன்: அண்ணாச்சி, அது காமிக்ஸ்ல உள்ள படம்!

அண்ணாச்சி: படமும் எடுத்தாரு. குரூப்புல போட்டாரு. அதே ராத்திரி கேரளா பார்டர் தாண்டி வந்த லாரி, ஓடைக்குள்ள மூட்டை மூட்டையா தட்டிட்டுப் போச்சு. காலைல பாத்தா ஊசி, கையுறை, கோழி றெக்கை. போகும்போது நம்ம மலைக்கல்லு, வரும்போது அவங்க கோழிக்கழிவு. அப்ப அந்த டார்ச்சு எங்கடே போச்சு?

முருகன்: வண்டி நம்பர யாரும் குறிக்கலியா?

அண்ணாச்சி: செயலாளர் குறிச்சாரே. மச்சினன் மொபட் நம்பரு.

முருகன்: திருநெல்வேலி பக்கம் நடுக்கல்லூர்ல கொட்டுன ஆஸ்பத்திரிக் குப்பைய 2024 டிசம்பர்ல கேரளாக்காரங்களே வந்து திரும்ப அள்ளிட்டுப் போனாங்கள்லா. பசுமைத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவு.

அண்ணாச்சி: அந்தத் தீர்ப்பாயத்துக்குச் சந்தா எவ்வளவுடே? மாசாமாசம் நான் கட்டுதேன்.