மகலனோபிஸ் போட்ட கணக்கும் கணிதத்தின் மேல் வரும் கோபமும்

பொருளாதாரத்தைக் கெடுத்ததே கணிதம்தான் என்று சொல்லிக்கொண்டு திரிபவர்கள் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு மகலனோபிஸ் போட்ட கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும். திட்டுவதற்காகவாவது.

மனிதர் புள்ளியியல்காரர். 1955-ல் நாட்டின் பொருளாதாரத்தை நான்கு துறைகளாகப் பிரித்தார்: இயந்திரம், இரும்பு போன்ற முதலீட்டுப் பொருட்கள், ஆலைகளில் செய்யும் நுகர்பொருட்கள், விவசாயத்தோடு சேர்ந்த குடிசைத் தொழில், அப்புறம் சேவைகள். ஐந்து வருடத்தில் 5,600 கோடி ரூபாய் முதலீடு, ஆண்டுக்கு 5 சதவீத வளர்ச்சி, 1.1 கோடிப் பேருக்குப் புதிதாக வேலை, இதற்கு எந்தத் துறைக்கு எவ்வளவு போக வேண்டும் என்பதுதான் சமன்பாடுகளுக்கு அவர் வைத்த கேள்வி. விடையும் வந்தது. ஆனால் முதலீட்டில் மூன்றில் ஒரு பங்கு முதல் துறைக்கு என்பது அந்த விடையில் சேராது, அதை அவரே முன்கூட்டி வைத்துவிட்டார். கனரகத் தொழிலா, சாப்பாடும் துணியுமா என்று ஊரே அடித்துக்கொண்ட விஷயம் அதுதானே! அது கணக்குக்கு வெளியிலேயே முடிவாகிவிட்டது, மிச்சத்தைத்தான் கணிதம் பங்கு போட்டது. போதாததற்கு வெளிநாட்டு வர்த்தகமே கிடையாது என்று வேறு வைத்துக்கொண்டார். இயந்திரங்களோ கப்பலில் வந்து இறங்கின. திட்டம் தொடங்கிய மறு வருடமே, 1957-ல், அந்நியச் செலாவணி நெருக்கடி.

சரி, பழி யார் மேல்? பற்றாக்குறை நிதியை, அதாவது வரவுக்கு மேல் செலவழித்துப் புதுப் பணம் அச்சடித்துச் சமாளிப்பதை, நம்பி இவ்வளவு பெரிய திட்டம் போட்டால் விலைவாசி ஏறும் என்று 1955-லேயே திட்டத்தைப் பரிசீலித்த பொருளாதார அறிஞர் குழுவில் பி.ஆர். ஷெனாய் தனி ஆளாக மறுப்புக் குறிப்பு எழுதினார். அதைக் கேட்காமல் விட்டது அரசியல், அதில் சமன்பாட்டுக்கு என்ன பங்கு?

கணிதத்தில் போட்டுப் பார், அதைச் சாதாரண மொழியில் எழுது, நிஜ உதாரணம் காட்டு, பிறகு கணிதத்தை எரித்துவிடு என்று ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1906-ல் புள்ளியியல்காரர் பௌலிக்குக் கடிதம் எழுதினார். பெரிய மனிதர்தான், ஆனால் கடைசி யோசனை எனக்கு ஒப்பவில்லை. மகலனோபிஸ் எரித்திருந்தால் அந்த மூன்றில் ஒரு பங்கு எங்கிருந்து வந்தது என்று இன்று நாம் விரல் வைத்துக் காட்ட முடியாது. வெறும் வார்த்தைகளில் எழுதியிருந்தால் 'நாட்டின் தேவை கருதி' என்ற ஒரு வரிக்குள் ஒளிந்திருக்கும்.

எரிச்சல் வரும் இடம் வேறு. கணிதக் குறியீடுகளை வரிசையாக அடுக்கிவிட்டு, அவை சொல்லாததை வார்த்தையில் சொல்லித் தப்பிக்கும் கட்டுரைகள். 2015-ல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பால் ரோமர் இதைத்தான் பிடித்து உலுக்கினார், அவரும் கணித மாதிரிகள் போட்டுப் பெயர் வாங்கியவர்தான், 2018-ல் நோபல் பரிசும் வாங்கினார். கணிதம் தெரிந்தவர் போட்ட சண்டை என்பதால் அதைக் கணிதம் புரியாதவர் புலம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது.