மனதுக்கு மட்டும் டாக்டர் கூடாதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் உள்ள நம் சபைகளில் ஒருவருக்குச் சர்க்கரை வந்தால், ஜெபித்துவிட்டு "மாத்திரையை விட்டுடாதீங்க ஆன்ட்டி" என்று சொல்லி அனுப்புகிறோம். அதே ஆன்ட்டி தூக்கமே இல்லை, எதிலும் மனசு ஒட்டவில்லை என்றால் விசுவாசம் போதவில்லை, உபவாசம் இருங்கள் என்கிறோம். சிலர் வீட்டில் ஆவி இருக்கிறது என்றுகூடச் சொல்லிவிடுகிறார்கள். கவுன்சலரிடம் போவது உலகத்தார் வழியாம். இந்தப் பேச்சு ஆதி சபையின் உபதேசத்துக்கே ஒத்துவராது என்பது என் எண்ணம்.

நான்காம் நூற்றாண்டில் லவோதிக்கேயா ஆயர் அப்போலினாரியுஸ், கிறிஸ்து மனித உடலை எடுத்தார், மனித மனதை எடுக்கவில்லை, அந்த இடத்தில் தேவ வார்த்தையே இருந்தது என்று போதித்தார். கேட்கப் பக்தியாகத்தான் இருக்கிறது! அதே காலத்து ஆயர் நசியான்சு கிரகோரி விடவில்லை. கிறிஸ்து தம்மேல் எதை எடுத்துக்கொள்ளவில்லையோ அது குணமாகவில்லை என்று எழுதினார்; மனதை அவர் எடுக்கவில்லை என்றால் நம் மனதுக்குக் குணமே இல்லை என்று அர்த்தம். 381-இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய ஆயர்களின் சங்கமும் அப்போலினாரியுஸ் கூட்டத்தைத் தள்ளியது. அந்தச் சண்டையே மனதைப் பற்றித்தான். உடம்புக்கு டாக்டர் சரி, மனதுக்கு டாக்டர் தப்பு என்கிற பாஸ்டர், தெரியாமலே அப்போலினாரியுஸ் பக்கத்தில் போய் நிற்கிறார். (இதை அவரிடம் நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அது வேறு விஷயம்.)

"அப்போ பிசாசே இல்லையா?" என்பீர்கள். எகிப்தின் பாலைவனத்தில் துறவியாக வாழ்ந்து 399-இல் இறந்த எவாகிரியுஸ் நிறையப் பிசாசுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் அவர் சொல்லித்தந்தது கவனிப்பது: எந்த எண்ணம் அடிக்கடி வருகிறது, எந்த நேரத்தில் வருகிறது, எதன் பின்னால் எது வருகிறது. 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் தன் நோயாளிகளைத் தானாக எழும் எண்ணங்களைக் கவனிக்கச் சொன்னதும் கிட்டத்தட்ட இதே வேலைதான். நோக்கம் வேறு, ஒத்துக்கொள்கிறேன். துறவிக்குக் கடவுளை அறிய வேண்டும். பெக்கின் நோயாளிக்கு நாளைக்கு எழுந்து வேலைக்குப் போனால் போதும்.

எவாகிரியுஸ் துக்கத்தைப் பற்றி எழுதிய இடம்தான் என்னை உலுக்கியது. வீடும் பெற்றோரும் பழைய வாழ்க்கையும் நினைவுக்கு வரும், முதலில் அதில் மனசு லயிக்கும், இனி அவை இல்லை என்று உறைக்கும்போது அப்படியே அமிழ்ந்துபோகும் என்கிறார். இனத்துக்கு இனம் தனிக் குடியிருப்பு என்று 1950-இல் வந்த குழுப் பகுதிச் சட்டத்தைக் காட்டி, கேட்டோ மேனரிலிருந்து நம் குடும்பங்களைப் பெயர்த்து சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து போட்டார்களே, அந்தத் தலைமுறையில் எத்தனை பேர் இதைப் பற்றி வாய்திறந்து பேசியிருப்பார்கள்? பாட்டிமார்கள் பாட்டுப் பாடினார்கள், கைதட்டினார்கள், பேசவில்லை. கோபமும் குடியும் மட்டும் அடுத்த தலைமுறைக்கு வந்து சேர்ந்தன.

ஜெபத்தை விடச் சொல்லவில்லை. ஞாயிறு அறிவிப்புத் தாளில் நோயாளிகளுக்கான ஜெபப் பட்டியலுக்குக் கீழே ஒரு கவுன்சலரின் நம்பரையும் போடுங்கள் என்கிறேன். ஆட்சேபணை உள்ளவர்கள் கமெண்டில் வரலாம். கிரகோரிக்கு முதலில் பதில் சொல்லிவிட்டு வாருங்கள்.