மே மாசம் முழுக்க ஓய்வா?

'வாத்தியார்களுக்கு மே மாசம் முழுக்க ஓய்வுதான்' என்று கட்டுரையில் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். மே கடைசி வாரம் ஏதாவது ஒரு அரசு தொடக்கப் பள்ளிப் பக்கம் வந்து பாருங்கள். ஒட்டடை அடிப்பது, தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் தேடுவது, புத்தகக் கட்டு வந்ததும் வகுப்புவாரியாகப் பிரிப்பது எல்லாம் அப்போதுதான். இதையெல்லாம் விடப் பெரிய பாடு, சேர்க்கை. ஐந்து வயசுப் பிள்ளை இருக்கிற வீடாகப் பார்த்து, தனியார் பள்ளிக்காரர்கள் முந்துவதற்குள் போய்ப் பேச வேண்டும். "டீச்சர், இங்கிலீஷ் மீடியம் இருக்கா?" என்பதுதான் திண்ணையில் உட்காரும் முன்பே வரும் கேள்வி. 2023ல் வெயிலால் பள்ளித் திறப்பு ஜூன் 7க்குப் போய், பிறகு தொடக்க வகுப்புகளுக்கு ஜூன் 14 ஆனது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். எங்களுக்கு எமிஸ் என்கிற அரசின் மாணவர் பதிவு இணையதளத்தில் பெயர் ஏற்றும் வேலை (சர்வர் சுற்றுவது தனிக் கதை).