பள்ளிக்கூடத்து மதியச் சாப்பாடும் ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பும்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ச் சங்க ஒன்றுகூடலில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்று மூன்று நாட்களாகப் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. காணொளியைப் பெரும்பாலானோர் பார்த்துவிட்டீர்கள், ஆகவே அதைத் திரும்ப விவரிக்கப் போவதில்லை. மேடையில் பேசியவர் என் வயதை ஒத்தவர், என்னைப் போலவே எண்பதுகளில் லண்டனுக்கு வந்து இங்கே படித்தவர். பள்ளிக்கூடத்து மதியச் சாப்பாடு நாய்க்கும் வைக்க முடியாதது என்று அவர் சொன்னதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. அதைப் பரிமாறிய பெண்களின் பருமனையும் நடையையும் பேச்சையும் அவர் நடித்துக் காட்டியதையும், மண்டபம் முழுவதும் அதற்குச் சிரித்ததையும்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அதே மண்டபத்தின் பின்னறையில் எங்கள் எல்லோருக்கும் சோறு கட்டிக்கொண்டிருந்த அன்ரி இருபது வருடங்களுக்கு மேல் லண்டன் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தவர். சிரித்தவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியும்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அந்தச் சாப்பாடு பல நாட்களில் மோசமாக இருந்தது, ஆனால் அதை மோசமாக்கியவர்கள் கரண்டி பிடித்த பெண்கள் இல்லை.

மோசமாக இருந்தது என்று சொல்ல எனக்குத் தயக்கம் கிடையாது. 1985 தை மாதம், எட்டு வயதில், ஈஸ்ட் ஹாமில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்பட்டேன். படிவத்தில் ‘ஸ்கூல் டின்னர்’ வேண்டுமா என்று கேட்டிருந்ததைப் படித்த அப்பா, பிள்ளையை இரவுச் சாப்பாடு வரைக்கும் வைத்திருப்பார்கள் என்று பயந்து, அடுத்த வீட்டுக்காரரிடம் விசாரித்த பிறகே கையெழுத்து வைத்தார். மதியச் சாப்பாட்டையும் இந்த நாட்டில் டின்னர் என்று சொல்வார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. உடற்பயிற்சிக்கும் காலைக் கூட்டத்துக்கும் பயன்பட்ட அதே மண்டபத்தில் மடக்கு மேசைகளை விரித்துச் சாப்பாடு போடுவார்கள். காலை பத்து மணிக்கே கோவா (முட்டைக்கோஸ்) அவியும் மணம் வகுப்பறைக்குள் வந்துவிடும், பதினொரு மணிக்கு அது எங்கள் சட்டையிலும் இருக்கும். ஐஸ்கிரீம் எடுக்கும் கரண்டியால் உருட்டி வைத்த உருளைக்கிழங்கு மசியல், உள்ளே கட்டி கட்டியாக இருக்கும். பீற்றூட் சாறு அந்த மசியலுக்குள் ஊறி எல்லாவற்றையும் ஊதாவாக்கிவிடும். ஈரலும் வெங்காயமும் வைத்த ஒரு நாள், தட்டைக் காலி செய்யாமல் எழும்பக் கூடாது என்று ஓர் ஆசிரியர் என் பின்னால் நின்றார். மணி அடித்தது, மற்றப் பிள்ளைகள் போனார்கள், மேசைகளை மடித்தார்கள், நான் மட்டும் ஒரு மேசையில் இருந்தேன். கடைசியில் விழுங்கினேன், தாழ்வாரத்தில் வாந்தி எடுத்தேன். இன்று வரை ஈரல் சமைக்கும் வீட்டில் என்னால் நிற்க முடியாது. எனவே கெட்டதை மறந்துவிட்டு நல்லதை மட்டும் பேசுகிறேன் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

அன்று அந்த வாந்தியைத் துடைத்தது அந்த ஆசிரியர் இல்லை. சமையலறையிலிருந்து நீல மேலாடையுடன் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்த டின்னர் லேடி ஒருவர். சாப்பாடு பரிமாறும் பெண்களைப் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு அப்போது ஆங்கிலம் வராது. அவர் என் வாயைத் துடைத்து, ஒரு கிண்ணத்தில் கஸ்டர்ட் கொண்டுவந்து தந்தார். மறுநாளிலிருந்து வரிசையில் நான் வரும்போது, மாட்டிறைச்சி என்றால் தலையில் இரண்டு விரல்களைக் கொம்புபோல் வைத்துக் காட்டித் தலையை ஆட்டுவார், கோழி என்றால் முழங்கைகளைச் சிறகுபோல் அசைப்பார். யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, நான் தட்டின் ஓரத்தில் எதை ஒதுக்குகிறேன் என்பதைப் பார்த்துத் தானாகவே கண்டுபிடித்தார். ஞாயிற்றுக்கிழமை மேடையில் பேசியவர் முழங்கைகளை அகட்டி நடந்து காட்டியபோது எனக்கு அந்த டின்னர் லேடியின் சிறகுகள்தான் நினைவுக்கு வந்தன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரப் பிள்ளைகள் ‘தவளை முட்டை’ என்று முகம் சுளித்துத் தள்ளிவைத்த புடிங், பாலில் காய்ச்சிய சவ்வரிசிதான். அவர்கள் வெறுத்த செமோலினா எங்கள் வீட்டு ரவை. ஜாம் ஒரு கரண்டி போட்ட ரைஸ் புடிங், அம்மம்மா காய்ச்சிய பாற்கஞ்சிக்குத் தூரத்துச் சொந்தம். ஏலக்காய் இல்லை, கசுக்கொட்டை இல்லை, இனிப்பும் போதாது, ஆனாலும் அந்த மண்டபத்தில் எனக்குத் தெரிந்த ருசி அது ஒன்றுதான். என் மேசையில் எல்லோரும் தள்ளிவிட்ட கிண்ணங்களை நான் ஒவ்வொன்றாகக் காலி செய்தேன். பாலாடை படிந்த கஸ்டர்டும், ஜாம் ரோலி போலியும், தேங்காய்ப்பூ தூவிய கேக் துண்டும் பிறகு பிடித்துப் போயின. சவ்வரிசி முதல் வாரத்திலேயே பிடித்தது.

உண்மையில் எனக்கு வலித்தது சாப்பாடு இல்லை, ரிக்கற். காசு கட்டும் பிள்ளைகளுக்கு ஒரு நிறம், இலவசமாகச் சாப்பிடும் எங்களுக்கு வேறு நிறம். திங்கட்கிழமை காலையில் மற்றவர்கள் டின்னர் காசை உறையில் போட்டுக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள், நாங்கள் நான்கைந்து பேர் வெறுங்கையோடு நிற்போம். வகுப்பு முழுவதும் பார்க்கும். அந்த நிறங்களைத் தெரிவு செய்தது சமையலறையில் நின்ற பெண்கள் என்று யாராவது நினைக்கிறீர்களா? பிறகு 1988 சித்திரையில் அதுவும் போனது. அப்பா பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்தார். குறைந்த சம்பளத்தில் வேலை செய்யும் குடும்பங்களுக்கு இருந்த இலவசச் சாப்பாட்டு உரிமையை 1986ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் எடுத்துவிட்டு, அதற்கு ஈடாக உதவித்தொகையில் சிறிது சேர்த்தது. அந்தச் சிறிது வீட்டு வாடகைக்குள் போனது. நான் பாணுக்குள் சம்பல் வைத்துக்கொண்டு போய், மணத்துக்கு வெட்கப்பட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி நின்று சாப்பிட்டேன். கோவா மணத்தைக்கூட அப்போது நான் தேடினேன்.

இதெல்லாம் பகிடிக்குச் சொன்னது, ஏன் பெரிதுபடுத்துகிறாய் என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த அன்ரியின் முகத்தைப் பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டீர்கள்.

வெள்ளைக்காரனுக்கு வக்காலத்து வாங்குகிறாய் என்று நேற்று ஒருவர் தனிச்செய்தி அனுப்பியிருந்தார். அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். இந்த நாட்டு ஆட்சியாளர்கள் பிள்ளைகளின் தட்டைத் தாங்களாகவே நிரப்பியதில்லை. தென்னாபிரிக்காவில் நடந்த போயர் யுத்தத்துக்கு ஆள் சேர்க்கப் போனபோது, உடல் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட இளைஞர்களின் எண்ணிக்கையைப் பார்த்துப் பயந்த பிறகே, 1906இல், உள்ளூராட்சிகள் விரும்பினால் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுக்கலாம் என்று சட்டம் வந்தது. 1907இல் பிராட்ஃபோர்ட் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்து எடை பார்த்தார்கள். கொடுத்த வாரங்களில் எடை ஏறியது, இடையில் வந்த விடுமுறையில் குறைந்தது. 113 வருடங்கள் கழித்து, 2020இல், விடுமுறையில் பிள்ளைகள் பசியோடு இருக்கக் கூடாது என்று மார்கஸ் ராஷ்ஃபோர்ட் என்ற கால்பந்து வீரர் கடிதம் எழுதிக் கேட்க வேண்டியிருந்தது. நான் யாருக்கு வக்காலத்து வாங்குகிறேன்?

1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் மதியச் சாப்பாட்டை உள்ளூராட்சிகளின் கடமையாக்கியது. 1980இல் மார்கரெட் தாட்சரின் அரசாங்கம் அந்தக் கடமையை இலவசச் சாப்பாட்டுக்கு உரிமையுள்ள பிள்ளைகளோடு மட்டும் நிறுத்தி, நாடு முழுவதற்கும் ஒரே விலை என்பதையும், தட்டில் குறைந்தபட்சம் என்ன சத்து இருக்க வேண்டும் என்ற விதியையும் நீக்கியது. 1988இல் வந்த இன்னொரு சட்டத்தால் சமையலறைகள் ஏலத்துக்கு வந்தன, குறைந்த விலை கேட்டவர்களுக்கு ஒப்பந்தம் போனது. சமைக்கத் தெரிந்த பெண்களின் வேலை நேரத்தை வெட்டி, பெட்டியில் வந்ததைச் சூடாக்கச் சொன்னார்கள். பள்ளிக்கூடச் சாப்பாடு எவ்வளவு மோசம் என்பதைச் சமையல்காரர் ஜேமி ஒலிவர் 2005இல் தொலைக்காட்சியில் காட்டிவிட்டாரே என்று மேடையில் பேசியவர் சொன்னார். ஆம், காட்டினார். ஒரு பிள்ளையின் சாப்பாட்டுப் பொருட்களுக்கு 37 பென்ஸ்தான் ஒதுக்கப்பட்டிருந்தது என்பதையும் காட்டினார். கிட்புரூக் பள்ளியின் சமையலறைப் பொறுப்பாளர் நோரா சாண்ட்ஸ் என்ற டின்னர் லேடியோடு சேர்ந்துதான் அவர் சமைத்தார். 2,71,000 பேருக்கு மேல் கையெழுத்திட்ட பிறகு அரசாங்கம் 280 மில்லியன் பவுண் தருவதாகச் சொன்னது. காசு வந்தால் சாப்பாடு மாறும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? 37 பென்ஸுக்கு எங்கள் அம்மாக்களில் யார் என்ன சமைத்திருப்பார்?

பசியோடு வந்தவனுக்கு எதுவும் ருசிதான் என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். இருக்கலாம். அதில் எனக்கு வெட்கம் இல்லை.

என் மகள், ஈஸ்ட் ஹாம் அடங்கிய நியூஹாமில் ஆரம்பப் பள்ளிக்குப் போனாள். 2009இல் அங்கே எல்லா ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இலவசச் சாப்பாடு தொடங்கியது. இரண்டு நிறம் இல்லை, உறை இல்லை, திங்கட்கிழமை வெறுங்கை இல்லை. 2023 புரட்டாதியிலிருந்து லண்டன் முழுவதும் அரச ஆரம்பப் பள்ளிகளில் அப்படித்தான். நான் ரிக்கற்றைப் பற்றிச் சொன்னபோது, ஏன் நிறம் வேறு என்று மகள் கேட்டாள். அவளுக்கு அது விளங்கவே இல்லை என்பது எனக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவளுக்குச் சாப்பாடு போட்டவர்களில் எங்கள் பெண்களும் இருந்தார்கள். ஈஸ்ட் ஹாம், இல்போர்ட், ஹரோ, டூட்டிங் என்று தமிழ்ச் சனம் இருக்கிற இடங்களில், ஆங்கிலம் முழுதாக வராத எத்தனையோ அம்மாக்களுக்கு முதலில் கிடைத்த மரியாதையான வேலை அதுதான். பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரத்தில் வேலை, பிள்ளை வரும்போது வீட்டில். அந்தச் சம்பளத்தில் ஊருக்குக் காசு போனது, சங்கத்துக்குச் சந்தா போனது. ஞாயிற்றுக்கிழமை எந்த மண்டபத்தில் இருந்து சிரித்தீர்களோ அந்த மண்டபத்தின் வாடகையிலும் அது இருக்கிறது.

காணொளியைச் சங்கப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்று நிர்வாகக் குழுவிடம் மூன்று முறை கேட்டுவிட்டேன், பதில் வரவில்லை. இங்கே எல்லோர் முன்னாலும் நான்காவது முறை கேட்கிறேன். எடுத்துவிட்டு, அந்த அன்ரியின் வீட்டுக்கு நேரில் போய்ப் பேசுங்கள்.